கைக்குழந்தை உள்ள வீட்டு வாசலில் இருமலை நிறுத்துங்கள்

கதிரவெளி, புச்சாக்கேணி, அம்பந்தனாவெளி, பால்சேனை, வாகரை ஊர்களில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே,

பிள்ளை பெற்ற தாய்மாரை விட்டுவிட்டு உங்களுக்கு இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நமது மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துக் கலியாணம் முடித்து வைக்கிறோம். மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறார். பேரப்பிள்ளை உங்கள் கண் முன்னே பிறந்து வளர்கிறது. பிள்ளை பார்க்க யார் உள்ளே வரலாம், யார் தூக்கலாம், சுகமில்லை என்றால் முதலில் யாரிடம் கொண்டுபோவது, கிளினிக்குக்கு இந்த மாதம் போவதா அடுத்த மாதம் போவதா என்பதெல்லாம் உங்கள் வாய்ச்சொல்லால் முடிவாகும் காரியங்கள். இருபது வயதுத் தாய் ஒருத்தி, இருமிக்கொண்டே கை நீட்டும் பெரியவரிடம் "புள்ளயத் தூக்காதீங்க மாமா" என்று சொல்ல மாட்டாள். சொன்னால் வாய்க்காரி என்று பெயர் எடுப்பாள். அதையே நீங்கள் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால்தான் உங்களிடம் வருகிறேன்.

நான் சொல்ல வந்தது குக்கலைப் பற்றி. கக்குவான் இருமல் என்று சொன்னாலும் அதுதான். அது ஒழிந்துபோன பழைய வியாதி என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது ஒழியவில்லை. கொரோனாக் காலத்தில் கொஞ்சம் அடங்கியிருந்து, அதன் பிறகு உலகின் பல நாடுகளில் தலை தூக்கியது. இங்கிலாந்தில் 2023இல் ஆயிரத்துக்கும் குறைவான பேருக்கே குக்கல் உறுதிப்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 2024இல், அந்தத் தொகை ஏறக்குறைய 15,000 ஆகியது. அந்த ஓராண்டில் அங்கே 11 கைக்குழந்தைகள் குக்கலால் இறந்தன. சீனாவில் 2024இன் முதல் இரண்டு மாதங்களில் மட்டும் 32,000 பேருக்கு மேல் பிடித்து 13 பேர் இறந்தார்கள். அவுஸ்திரேலியாவில் அதே ஆண்டில் 57,000 பேரைத் தாண்டியது. அங்கே கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு தொகை வந்ததில்லை.

"அது அந்த நாடுகளின் கதை, எங்களுக்கென்ன" என்று கேட்காதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிறார்கள். சொந்தக்காரர் லண்டனிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். வெருகல் திருவிழாவுக்கும் சித்திரை வருசத்துக்கும் வருகிறார்கள். வந்த கையோடு அவர்கள் முதலில் கேட்பது, தாங்கள் இன்னும் காணாத உங்கள் பேரப்பிள்ளையைத்தான். விமானத்தில் வரும் இருமலுக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து எவரும் வராவிட்டாலும், இந்தக் கிருமி நம் நாட்டை விட்டுப் போய்விட்டது என்று எவரும் உறுதி தர முடியாது.

பெரியவர்களுக்குக் குக்கல் ஒரு நீண்ட தொல்லை. இரண்டு மூன்று மாதம் இருமுவோம். விலா நோகும், இரவில் நித்திரை கெடும். பிறகு மாறிவிடும். கைக்குழந்தைக்கு அப்படி இல்லை. அதன் மூச்சுக்குழாய் மிகவும் சிறியது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. சளி தடித்து வழியை அடைக்கிறது. அடுத்தடுத்து இருமி, மூச்சை உள்ளே இழுக்க நேரமில்லாமல் பிள்ளை தவித்துப் போகிறது. பெரிய பிள்ளைகள் இருமல் முடிவில் "கூப்" என்று மூச்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சத்தம் வராமலே போகலாம். சில குழந்தைகள் இருமுவதுகூட இல்லை. பால் குடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று மூச்சை நிறுத்திவிடும், உதடும் முகமும் நீலம் பாரிக்கும், உடம்பு துவண்டுவிடும். சில பிள்ளைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல் வருகிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது. மூளைக்குக் காற்றுப் போகாமல் வாழ்நாள் முழுவதும் குறையோடு வளரும் பிள்ளைகளும் உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் குக்கல் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அமெரிக்கச் சுகாதாரத் துறை சொல்கிறது. இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் ஊசியைக் காணாத, அல்லது ஓர் ஊசியை மட்டுமே கண்ட வயதில் இருப்பவை.

இப்போது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமான பேச்சுக்கு வருகிறேன். இந்தக் குழந்தைகளுக்குக் கிருமி எங்கிருந்து வருகிறது? காற்றில் எங்கோ பறந்து வருவதில்லை. குழந்தையைக் கொஞ்சும் வாயிலிருந்து வருகிறது. தாய், தகப்பன், அண்ணன், அக்கா, அம்மம்மா, மாமா என்று ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களும் அடிக்கடி வந்துபோகிறவர்களும்தான் கொண்டுவருகிறார்கள். அன்பில்லாதவன் குழந்தையின் பக்கத்தில் வர மாட்டான். அதனால் அவனால் ஆபத்தும் இல்லை. ஆபத்து, பிள்ளையை வாங்கி முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுக்கும் நம்மால்தான்.

"நாங்கள் சிறுவயதில் ஊசி போட்டவர்கள்தானே" என்று உங்கள் மகளும் மருமகனும் சொல்லலாம். கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் குக்கல் தடுப்பு மருந்து இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியோடும், பதினெட்டாம் மாதத்தில் முக்கூட்டு ஊசியோடும் கொடுக்கப்படுகிறது. ஐந்து வயதில் போடும் ஊசியிலும் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசியிலும் தொண்டைக்கரப்பனுக்கும் ஏற்புவலிக்கும்தான் மருந்து உண்டு, குக்கலுக்கு இல்லை. அப்படியென்றால் உங்கள் மகளுக்குக் குக்கல் ஊசி கடைசியாகப் போட்டது அவளுடைய ஒன்றரை வயதில். அந்தப் பாதுகாப்பு நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். குக்கல் வந்து மாறியவருக்கும் அது மீண்டும் வரலாம். ஆகவே நம் ஊர்களில் இன்று வாழும் பெரியவர்களில் பெரும்பாலோர், நானும் நீங்களும் உட்பட, இந்தக் கிருமிக்குத் திறந்த வீடாகவே இருக்கிறோம்.

இதிலும் கெட்டது என்னவென்றால், முதல் ஒன்றிரண்டு கிழமைக்கு அது வெறும் தடிமன் போலவே இருக்கும். மூக்கு ஒழுகும், இலேசாக இருமும். கடற்காத்து ஒத்துக்கொள்ளவில்லை என்போம், சூடடித்த தூசி என்போம், வாடியில் நனைந்ததால் வந்தது என்போம். நோய் மிக வேகமாகப் பரவுவது அந்த நாட்களில்தான். பாதுகாப்பில்லாத பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு வந்தால் எட்டு ஒன்பது பேருக்குத் தொற்றக்கூடிய நோய் இது. இது குக்கல் என்று தெரியவரும்போது, பிள்ளையைத் தூக்க வேண்டியவர்கள் எல்லோரும் தூக்கி முடித்திருப்பார்கள்.

முதல் குக்கல் ஊசி இரண்டாம் மாதம் என்றேன். பிறந்த நாளிலிருந்து அந்த நாள் வரை பிள்ளைக்கு என்ன காவல்? இங்கிலாந்தில் 2012இல் குக்கல் பரவி 14 கைக்குழந்தைகள் இறந்தபோது, அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கே குக்கல் ஊசி போடத் தொடங்கினார்கள். தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. பிறந்த முதல் சில வாரங்களில் அது 90 வீதமளவுக்குப் பிள்ளையைக் காக்கிறது என்று அங்கே கண்டிருக்கிறார்கள். நம் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு வழமையாகப் போடும் ஊசி ஏற்புவலிக்கானது. அது அவசியமானது, தவறவிடக்கூடாதது. ஆனால் குக்கலைத் தடுக்காது. ஆகவே நம் ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதமும் காவல் வீட்டாரைத் தவிர வேறில்லை.

இந்த இடத்தில் நம் முன்னோரை நினைக்கிறேன். பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு என்று வைத்தார்கள். தாயையும் பிள்ளையையும் தனி அறையில் வைத்தார்கள். கண்ட கண்டவர் வந்து தொட முடியாது. அவர்கள் அதற்கு வேறு காரணம் சொல்லியிருக்கலாம். பிறந்த உடம்பு பலவீனமானது, அதை ஊர் நெருங்கக்கூடாது என்ற கவனம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. இப்போது துடக்கில் நாம் மிச்சம் வைத்திருப்பது கோயிலுக்குப் போகாமல் இருப்பதை மட்டும்தான். பிள்ளை பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரி வார்ட்டைச் சுற்றிச் சொந்தக்காரர் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஊரே வந்து பார்க்கிறது. முப்பத்தோராம் நாள் வந்தால் பந்தல் போட்டு, சமைத்து, ஐம்பது நூறு பேரைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் வாங்குகிறார்கள், போன் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு குக்கல் ஊசியும் போட்டிருக்காது. முன்னோர் பிள்ளையைக் காக்க வைத்த நாளின் முடிவை, நாம் பிள்ளையை ஊருக்குக் கொடுக்கும் நாளாக்கிவிட்டோம். இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

"வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது மரியாதையா?" என்று கேட்பீர்கள். அனுப்ப வேண்டாம். திண்ணையில் இருத்துங்கள், தேத்தண்ணி கொடுங்கள், கதையுங்கள். "புள்ள நித்திர, தடிமன் மாறினதும் மறுகா வந்து தூக்குங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். கோபிப்பவர் இரண்டு நாள் கோபிப்பார். உறவு முறியாது. முறிந்தாலும் ஒட்ட வைக்கலாம். பிள்ளை போனால் திரும்பி வராது.

"எங்கட காலத்தில ஊசியா போட்டம்? பத்துப் பிள்ளை பெத்தம், வளர்த்தம்" என்று சொல்லும் பெரியவர்களும் நம்மில் உண்டு. வளர்ந்தவர்கள்தான் இன்று இருந்து பேசுகிறார்கள். வளராமல் போன பிள்ளைகளைப் பற்றிப் பேச எவரும் இல்லை. உங்கள் தாய்க்கு எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை தக்கின என்று நினைத்துப் பாருங்கள். இலங்கையில் பிள்ளைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குக் குக்கல் ஒரு பழங்கதையாகத் தெரிவதற்கு அந்த ஊசியே காரணம்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. 2008இல் ஐந்து நோய்களுக்கான ஊசி நம் நாட்டில் அறிமுகமாகிச் சில மாதங்களில், ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. அரசாங்கம் அந்த ஊசியை உடனே நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்தார்கள். மரணத்துக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று கண்ட பிறகே 2010இல் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தபோது மூடி மறைக்கவில்லை, நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். நம்புவதற்கு இது ஒரு காரணம்.

பயந்து கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யப்பான் சாட்சி. 1975இல் ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்ததால் அங்கே குக்கல் ஊசியை நிறுத்தினார்கள். பிறகு தொடங்கியும் மக்கள் பயத்தில் போகவில்லை. ஊசியை நிறுத்துவதற்கு முந்திய ஆண்டில் நாடு முழுவதும் சில நூறு பேருக்கே குக்கல் இருந்தது. 1979இல் 13,000 பேருக்கு வந்து 41 பேர் இறந்தார்கள்.

ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், பிள்ளை சிணுங்கலாம். அது மருந்து வேலை செய்வதன் அறிகுறி. பரசிற்றமோல் எவ்வளவு கொடுப்பது என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்லித் தருவார். ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். காய்ச்சல் நீங்காமல் கூடினாலோ, பிள்ளை விடாமல் வீரிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ உடனே காட்டுங்கள், அடுத்த ஊசிக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மற்றப்படி ஓர் இரவுக் காய்ச்சலுக்குப் பயந்து அடுத்த ஊசியை விடாதீர்கள்.

நம் பக்கத்தில் ஊசியே வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு. தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். வெட்டு நேரம், வயலுக்குப் போக வேண்டும். பிள்ளைக்குக் கொஞ்சம் மூக்கடைப்பு, மாறட்டும். மாரி மழையில் வெருகல் ஆறு பெருகி வெள்ளம் வந்துவிட்டது. பஸ் இல்லை. இவை ஒவ்வொன்றும் உண்மையான கஷ்டம். ஆனால் இரண்டு மாத ஊசி மூன்றரை மாதத்துக்குத் தள்ளினால், பிள்ளை காவலில்லாமல் கிடக்கும் காலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சாதாரணத் தடிமன் ஊசிக்குத் தடையில்லை. கொண்டுபோங்கள், போடுவதா இல்லையா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள். தவறிப்போனால் அடுத்த மாதம் வரை காத்திராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கஷ்டம் நமக்குப் புதிதில்லை, சுனாமியையும் இடப்பெயர்வையும் கண்ட கரை இது. நாட்டில் சண்டை நடந்த காலத்திலும் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. இலங்கையில் கடைசியாக இளம்பிள்ளைவாதம் கண்டது 1993இல். அப்படிக் காத்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று உங்கள் மடியில் இருக்கிறார்கள்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். நூல் கட்டுங்கள், கண்ணூறு கழியுங்கள். உங்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. ஆனால் அதற்காக ஆஸ்பத்திரியைப் பிந்தவிடாதீர்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குக் காட்டுத் தேனானாலும் கடைத் தேனானாலும் ஒரு துளியும் நாக்கில் தடவாதீர்கள். அது குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். கடையில் வாங்கும் இருமல் பாணியும் வேண்டாம். பிள்ளை விட்டு விட்டு அடுக்காக இருமினால், இருமி வாந்தி எடுத்தால், பால் குடிக்க மறுத்தால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலித்தால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி காசில்லாமல் வரும். வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் நம் ஊர்களிலிருந்து உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். "விடியட்டும்" என்று காத்திருக்க நமக்கு வசதியில்லை.

பெரியவர்களுக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அவர்களும் காட்ட வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதை டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். குக்கல் என்று கண்டால் கிருமிகொல்லி மருந்து கொடுப்பார்கள். அதை ஐந்து நாள் ஒழுங்காகக் குடித்த பிறகு மற்றவருக்குத் தொற்றாது. மருந்து எடுக்காதவர் மூன்று கிழமை வரை பரப்பிக்கொண்டே இருப்பார். பால் கொடுக்கும் தாய்க்கே இருமல் என்றால் பாலை நிறுத்த வேண்டாம். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, கை கழுவிக்கொண்டு பால் கொடுக்கட்டும். அன்றைக்கே மருந்துக்கும் போகட்டும்.

இன்னொரு காரியமும் உங்களிடம் கேட்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் குக்கல் ஊசி வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். இல்மனைட் மணல் அகழ்வுக்கு எதிராக இந்தக் கரையோர ஊர்கள் வீதிக்கு இறங்கின. மணலுக்காகப் பேசிய வாய்கள் மகவுக்காகவும் பேசட்டும். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரிக்கு எல்லோரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுங்கள். வெளிநாட்டில் கர்ப்பமாக இருக்கும் மகள்மாரிடம் அங்கே அந்த ஊசி கிடைக்குமா என்று விசாரித்துப் போடச் சொல்லுங்கள். ஊருக்கு வரும் மகனிடம், "இருமல் இருந்தா மாறின பிறகு புள்ளயப் பாரு" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டாம், நான்காம், ஆறாம், பதினெட்டாம் மாத ஊசிகளை உரிய நாளில் போடுவியுங்கள். இரண்டு மாத ஊசி போடும்வரை பிள்ளை பார்க்க வரும் கூட்டத்தைக் குறையுங்கள். முப்பத்தோராம் நாளை வீட்டாரோடு முடித்து, விருந்தை ஊசிகள் முடிந்த பிறகு வையுங்கள். தடிமனோ இருமலோ உள்ள எவரையும், அது உங்கள் சொந்தச் சகோதரமானாலும், கோயில் ஐயரானாலும், நீங்களேயானாலும், பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். உங்கள் வீட்டில் உங்கள் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. அந்தச் சொல்லை இந்த வருசம் பிறக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேரப்பிள்ளை கண்ட உங்களில் ஒருத்தி